அம்மனுக்குப் பானகம் கொடுத்த நர்ஸம்மா

மேடையில உக்காந்திருக்கற தலைவர் டாக்டர் அரங்கநாதன் ஐயா அவங்களே, கடைவீதிப் பெரியவங்களே, சிங்கவரத்துலேருந்தும் மேல்மலையனூர்லேருந்தும் பஸ் புடிச்சி வந்திருக்கற சனங்களே, கண்ணத் தொடச்சிக்கினு உக்காந்திருக்கற அக்கா தங்கச்சிங்களே, எல்லாருக்கும் வள்ளியம்மையோட கும்பிடு. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் போனவ. மைக்குல பேசிப் பழக்கமில்ல. மைக் இல்லாம பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம், அது உங்களுக்கே தெரியும். கூடக்கொறைய பேசினா தலைவர் பொறுத்துக்கணும்.

நம்ம நர்ஸம்மா ரத்தினம்மாள் போயிட்டாங்க! சிங்கவரத்துல ஒருத்தர் கால் புண்ணுக்குக் கட்டு மாத்திட்டு வர்ற வழியில, நெஞ்சப் புடிச்சிக்கினு மரத்தடியில உக்காந்தவங்க எழுந்திருக்கவே இல்ல. இத்தன பேருக்கு நாடி புடிச்சவங்களுக்கு அன்னிக்கு நாடி பாக்க ஒரு ஆளு இல்லியே! அங்காளம்மா, இது உனக்கு அடுக்குமா?

அவங்க யாரு வூட்டுக்குள்ள நொழைஞ்சாலும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, காலத்தான் பாப்பாங்க. "இன்னா பெரியவரே, செருப்பு எங்க? வெரல் சந்துல ஈரமிருக்குது பாரு. சக்கரை ஒடம்புக்கு முள்ளு குத்தினாலும் வலி தெரியாது. வலி தெரியலன்னா கண்ணாலயாவது பாரு"ன்னு திட்டுவாங்க. திட்டிக்கினே கால மடியில வெச்சித் தொடைப்பாங்க. இங்க எத்தன பேரு ரெண்டு காலோட நடந்து வந்திருக்கீங்க? அந்தத் திட்டு வாங்கினதாலதான வந்திருக்கீங்க?

என் தங்கச்சி மங்கை கதைய சொல்றேன். கடைவீதியில மளிகைக் கடை வெச்சிருக்கற அரிகிருஷ்ணன் சம்சாரம். நல்லா இருந்த பொண்ணு ஈர்க்குச்சியா எளைச்சிப் போனா. கொடம் கொடமா தண்ணி குடிப்பா. நர்ஸம்மா மூத்திரத்த நீலத் தண்ணியில ஊத்திக் காச்சினாங்க. செங்கல் கலரா மாறிடிச்சி, சக்கரை எக்கச்சக்கமா இருக்குதுன்னு அர்த்தமாம். டாக்டரையா தெனம் ஊசி போடணும்னு சொல்லிட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. இனிப்பு தின்னா வர்ற வியாதி, நிறுத்திட்டா போயிடும்னுதான நெனச்சிருந்தோம்?

நர்ஸம்மா சொன்னாங்க: "யக்கா, எலையில சோறு இருக்குது. எடுத்து ஊட்டற கை இல்ல. அதான் இவ எளைக்கறா. இந்த ஊசிதான் அந்தக் கை. ஆனா கைய குடுத்துட்டு எலைய காலியா வெச்சிடாதீங்க, ஆபத்து. ஊசி போட்டா சாப்பிட்டே ஆவணும்." தலைய ஆட்டினோம். காதுல எங்க ஏறிச்சி?

ஆடி அமாவாசை வந்திச்சி. மங்கையோட மாமியார் சுந்தராம்பாள் மலையனூருக்கு வேண்டிக்கினு இருந்தாங்க. தெனம் வூட்டுக்கு வந்து ஊசி போடற நர்ஸம்மா அன்னிக்கு வரல, மங்கை ஆஸ்பத்திரியில போயி போட்டுக்கினா. சாமி பாக்கற வரைக்கும் பச்சத் தண்ணி கூட கூடாதுன்னு மாமியார் சொன்னத கேட்டுக்கினா. உச்சி வெயில், கோயில் வரிசை, நானும் கூட நிக்கறேன். திடீர்னு இவளுக்குக் கை நடுங்குது, வேர்வை தண்ணியா ஊத்துது, கண்ணு சொருவுது, இன்னாமோ ஒளர்றா. "அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!"ன்னு கூட்டம் கூவுது. ஒருத்தி வேப்பிலைய குடுக்கறா, ஒருத்தி கற்பூரம் ஏத்தறா. சுந்தராம்பாள் தொபுக்குன்னு கால்ல உழுந்து, "தாயே, எம் புள்ள கடை எப்பம்மா விருத்தி ஆவும்?"ங்கறாங்க. மங்கை, "போ... போ..."ங்கறா. "எங்க போவச் சொல்ற தாயே? திண்டிவனத்துல போயி கடை வெக்கணுமா?"

சிரிங்க, பரவால்ல. நர்ஸம்மாவே இத சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஆனா அன்னிக்குச் சிரிக்கல.

கோயில் கூட்டத்துக்கு ட்யூட்டி பாக்க வந்திருந்த நர்ஸம்மா சத்தம் கேட்டு நொழைஞ்சாங்க. மங்கை கையத் தொட்டாங்க, சில்லுனு இருக்குது. "காலையில ஊசி போட்டாளா யக்கா?" "போட்டா." "சாப்டாளா?" "விரதம்மா." அவ்ளோதான், பந்தல்ல ஊத்திக்கினு இருந்த பானகத்த ஒரு டம்ளர் வாங்கிக்கினு ஓடி வந்தாங்க. சுந்தராம்பாள் குறுக்க நிக்கறாங்க. "சக்கரை வியாதிக்காரிக்கு வெல்லத் தண்ணியா? எம் மருமவள கொல்லப் பாக்கறியா? சாமி எறங்கியிருக்கற ஒடம்ப யாரும் தொடக் கூடாது!" நாலு ஆம்பளைங்களும் சேந்துக்கினு, "தள்ளு, தள்ளு"ன்னு தள்றாங்க.

அந்த எடத்துல நீங்களும் நானும் இன்னா பண்ணியிருப்போம்? சண்ட போட்டிருப்போம். சண்ட முடியறதுக்குள்ள மங்கை நெனவு தப்பியிருப்பா. முழுங்கற தெம்பு போயிட்டா வாயில ஊத்தவும் முடியாது. நர்ஸம்மா இன்னா பண்ணாங்க தெரியுமா? மங்கை முன்னால முட்டி போட்டாங்க. டம்ளர ரெண்டு கையாலயும் ஏந்தினாங்க. "தாயே! வெயில்ல வந்து நிக்கற. தாகமா இருக்கும். உன் புள்ளைங்க குடுக்கற பானகத்த ஏத்துக்க தாயே!"ன்னாங்க.

தள்ளின ஆம்பளைங்களே வெலகி வழி வுட்டாங்க. சுந்தராம்பாளே டம்ளர புடுங்கி, "குடி தாயே, குடி"ன்னு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறாங்க! மருமவளுக்குக் கூடாது, சாமிக்குக் குடுக்கலாமில்ல! ஒரு டம்ளர் போச்சி, இன்னொண்ணு போச்சி. நடுக்கம் நின்னுச்சி. மங்கை கண்ண முழிச்சி ஒரு சுத்து பாத்துட்டு, "இன்னா அத்த, எல்லாரும் எங்காலாண்ட உழுந்து கெடக்கறீங்க?"ன்னாளே பாக்கணும்!

நான் அம்மாவாசை தவறாம மலையனூரு போறவ. எனக்கு மனசு ஆறல. "சாமி பேர சொல்லி ஏமாத்தலாமா நர்ஸம்மா? பாவமில்லியா?"ன்னு கேட்டேன். "வேற யாரு பேர சொல்லியிருந்தா அன்னிக்கு வழி வுட்டிருப்பாங்க யக்கா? அவ பேர சொன்னேன், ஒரு உசுரு நின்னுச்சி. அதுக்கு அவ கோவிச்சிக்குவாளா?"ன்னாங்க.

அன்னியிலேருந்து சுந்தராம்பாள் எழுந்ததும் மொத வார்த்த, "மங்கை, சாப்டியா?" மருமவளப் பாத்து ஒரு மாமியார அப்படிக் கேக்க வெச்சவங்க இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்கறாங்க!

பொறவு என்னைய கூப்புட்டு ஊசி போடக் கத்துக் குடுத்தாங்க. ஊசிய கொதிக்க வெக்கறது, மருந்த ஈர மணல் பானையில குளுமையா வெக்கறது, ஒரே எடத்துல குத்தாம மாத்தி மாத்திக் குத்தறது, எல்லாம். மொதல்ல கத்திரிக்காயில குத்திப் பழகச் சொன்னாங்க. "அந்தக் காய கொழம்புல போட்டுடாத யக்கா"ன்னு கேலி வேற. "நீ இருக்கும்போது எனக்கெதுக்கும்மா இது?"ன்னேன். "நான் வராத நாளுக்கு"ன்னாங்க.

அந்த நாளு வந்திடிச்சே ஐயா! சேதி கேட்டதும் நாங்கல்லாம் அழுதுக்கினு இருக்கறோம், மங்கை மட்டும் அழாம என் மூஞ்சியவே பாக்கறா. "யக்கா, நாளைக்கு எனக்கு யாரு ஊசி போடுவாங்க?"ங்கறா. அவ பயம் அவளுக்கு. நான் போட்டேன். அம்மன நெனச்சேனா, நர்ஸம்மாவ நெனச்சேனா, எனக்கே தெரியல. சரியாப் போட்டேன்.

ரத்தினம்மாள் அம்மா மேல ஆணையா சொல்றேன். புது நர்ஸ் வர்ற வரைக்கும் டாக்டரையா யாரைக் காட்டறாரோ அவங்க வூட்டுக்கெல்லாம் போயி நான் ஊசி போடறேன், கால் பாக்கறேன். மலையனூருப் பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரிசையில யாராச்சும் வேர்த்து நடுங்கினா, சக்கரைக்கு ஊசி போடறவங்களான்னு கேளுங்க. முழுங்க முடிஞ்சா ஒடனே பானகம் குடுங்க. சாமியா இருந்தாலும் குடிக்கட்டும், வியாதியா இருந்தாலும் குடிக்கட்டும். முழுங்க முடியலன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க.

இன்னும் பேசறவங்க இருக்கறாங்க, எல்லாத்தையும் கேக்க எனக்கு ஆசதான். தலைவர் மன்னிக்கணும். மங்கைக்குச் சாப்பாட்டு நேரமாவுது. எல்லாருக்கும் கும்பிடு, நான் போறேன்.