சங்கின்மேல் திருநீறு

வர்ணம் பூசுகிறவனுக்கு அவசரம் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு பூச்சு உலர்ந்த பிறகே அடுத்தது.

புதுவாயலுக்கு அப்பாலுள்ள எங்கள் பட்டறையில், இந்த எழுபத்து நான்காம் ஆண்டில்தான், டீசல் காருக்கு முதல் டர்போ செய்தோம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சக்கரம் சுழல்வது ஓர் அலுமினியக் கூட்டுக்குள். அது சுருண்டிருப்பதால் மற்றவர்கள் நத்தை என்பார்கள். பதிகம் ஓதும் வாய்க்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. நான் சங்கு என்பேன்.

கூட்டை வார்த்தவன் அப்பாவு, என் தங்கை கனகாம்பாளின் கணவன். அவன் வார்த்தவற்றில் இரண்டு முன்பே கழிக்கப்பட்டிருந்தன. மூன்றாவதும் போனால் வேலையில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். மூன்றாவதன் கழுத்தருகே மயிரிழையாய் ஒரு விரிசலைக் கண்டேன். பட்டிப் பசை வைத்து அடைத்துத் தேய்த்து, சாம்பல் நிறம் மூன்று பூச்சுப் பூசினேன். உட்புறத்தில் ஒரு துளியும் படவில்லை. அங்கே வர்ணம் ஆகாது என்பது விதி. விதியை நான் மீறியதில்லை.

ஆயுதபூசையன்று அதை ஓட்டிக் காட்ட வேண்டும். காலையில் பார்த்தால் பட்டி உள்வாங்கி, விரிசல் கோடாகத் தெரிந்தது. பூசை செய்வதும் என் பொறுப்பே. திருநீற்றைக் குழைத்து, அந்தக் கோட்டின்மேல் மூன்று பட்டைகள் இட்டேன்.

எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் முனுசாமி வந்தான்.

"இன்னா சாமி, நத்தையைக்கூட சைவமாக்கிட்டியா?"

"சங்குப்பா."

"ஐயே, சங்குன்னு சொல்லாதே. எனக்கு ஊதிடப் போறாங்க. கிட்ட நின்னுகினு ஓட்டலாமா? நீ சொன்னா நம்பறேன்."

"நீறு இட்டாச்சு. நில்லு."

அவன் கண்மூடி, பட்டையைத் தொட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொண்டான். விரல் பட்ட இடத்தில் கோடு வெளிப்பட்டது. அவன் கண் திறக்குமுன் மீண்டும் பூசிவிட்டேன்.

முழு வேகத்தில் கூடு பிளந்தது. துண்டு அவன் கழுத்தில் பாய்ந்தது.

அவன் மனைவி சின்னப்பொண்ணு என் கைகளைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "உன் கையால இட்ட நீறைப் பூசிக்கினுதான் போச்சு சாமி, அது போதும்" என்றாள். கைகளை நான் விலக்கவில்லை.

வார்ப்பின் குற்றம் என்று அப்பாவுவை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். விரிசலை அவன் அறியான். அறிந்தவன் நான், அறிந்தே நிற்கச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதுங்கள், ஐயா. மறைப்பதற்காக நீறிட்டேன் என்று வேண்டாம். காக்க வேண்டியே இட்டேன். காக்காமல் விட்டவன் நான் அல்லேன்.