மாதாவின் காலடிப் பாம்பு

பாபநாசத்தில் என் கடையில் கண்ணாடி போட்ட படம் எதையும் இன்றுவரை பூச்சி அரித்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. குவைத் மாப்பிள்ளைகளுக்குப் பெண் வீட்டார் அனுப்பும் போட்டோவில் அம்மைத் தழும்பை எடுத்துக் கொடுப்பவனும் நான்தான். பிளேடு நுனியால் லேசாகச் சுரண்டினால் போதும்.

சவரிமுத்து ஃபாதர் சட்டம் போடக் கொண்டுவந்தது செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்த இருநூறு வருடத்துப் படம். அதில் இருந்தது ஐம்பத்திரண்டாம் வருடப் புயலில் இடிந்துபோன மாதா கோயில். வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஊர்க்காரர்கள் அதை அச்சு அசலாகத் திரும்பக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அது எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் இந்த ஒரு படம்தான் மிச்சம். திங்கட்கிழமை இன்ஜினியர் வருகிறார் என்றார்.

படத்தில் கோயில் வாசலுக்கு மேலே மாதா ஒரு பாம்பை மிதித்துக்கொண்டு நின்றார். "பாம்பு சாத்தானுக்கு அடையாளம்ங்க. இந்த நங்கூரம் நம்பிக்கைக்கு" என்று ஃபாதர் விளக்கினார்.

எங்கள் குலதெய்வம் நாகம். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றாமல் நான் கடை திறந்ததில்லை. மிதிபடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பாம்பை மட்டும் சுரண்டி விடுவித்தேன்.

பாம்பு போனதும் மாதாவின் கால் அந்தரத்தில் நின்றது. காலை எடுத்தேன். கால் இல்லாமல் நின்றால் பேய் என்றல்லவா நினைப்பார்கள்? மரியாதைக்காக மாதாவையும் எடுத்தேன். அவருக்காக எக்காளம் ஊதிய, இறக்கை வைத்த இரண்டு சம்மனசுகளுக்கு அப்புறம் அங்கே என்ன வேலை? நங்கூரம் மிஞ்சியது, பாபநாசத்தில் கடல் ஏது? எல்லோரும் போனபின் கோயில் பூட்டிக் கிடக்கும் வீடு மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. சிலுவையில் ஆரம்பித்து வாசற்படி வரைக்கும் ஒரே மத்தியானத்தில் முடித்தேன். மூலையில் இருந்த தென்னையை நான் தொடவே இல்லை.

தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். ஃபாதர் வெகுநேரம் பார்த்தார்.

"தென்னமரம் இருக்கு. கோயில் எங்கங்க?"

சுரண்டிய தூளைக் கொஞ்சமும் சிந்தாமல் பிலிம் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். அதை அவர் கையில் வைத்தேன். "முழுசும் இதுலதான் இருக்கு, ஃபாதர்."

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கோயிலை அழித்தது நாகநாதன் என்கிற நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். படத்தைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய அட்டையை அறுக்கும்போது பிளேடு வழுக்கி முதலில் அறுபட்டது பாம்பின் கழுத்து என்பதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. நாகத்தைக் கொன்றவன் என்று பேர் வந்தால் ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்?