உள்ளே அனுப்ப மறுத்த பயிற்சியாளருக்கு

பந்தின் பின்னே பாதி உலகம் சுற்றி வந்த பாதங்களுக்கு உரியவரே! பதினொரு அணிகளுக்கு ஆடிவிட்டுப் பன்னிரண்டாவதாக எங்களிடம் வந்து, வந்த இடத்திலேயே வேரூன்றிய பெருந்தகையே! இருபத்து நான்கு ஆண்டுகள் எங்கள் திடலின் புல்லை மிதித்தும் எங்கள் பிழைகளைப் பொறுத்தும் நின்ற பண்பாளரே! நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கும் அரைக்கால் சட்டையிலேயே வரும் அஞ்சா நெஞ்சரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இவ்வேளையில், கால்பந்துக் கழகப் பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இம்மடலின் முதல் வரைவில் இதுபோன்ற அடைமொழிகள் இருபத்திரண்டு இருந்தன. பிழை திருத்தித் தரும்படி தங்கள் துணைவியாரிடம் கொடுத்தோம். கணக்கு ஆசிரியை அல்லவா, பென்சில் முனையால் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, “இதெல்லாம் யாரைப் பத்தி எழுதினது?” என்று கேட்டார். பதினெட்டு அங்கேயே உதிர்ந்தன. எனவே புகழ்வதைச் சுருக்கி, நடந்ததைச் சொல்லத் துணிந்தோம். அவையில் புதிய ஆட்டக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், சற்று நேரம் தங்களை எதிரில் வைத்துக்கொண்டே ‘அவர்’ என்று பேசுகிறோம். பொறுத்தருள்க.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த ஓர் அறை வீட்டில் பிறந்தவர் அவர். தந்தை பேருந்து மெக்கானிக். தாய் பள்ளிச் சீருடை தைத்தவர். பத்தொன்பது வயதில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக முதல் அணியில் சேர்ந்தார். அடுத்த பதினான்கு ஆண்டுகளில் பதினொரு அணிகள், ஐந்து நாடுகள். எங்கேயும் அவர் நட்சத்திரமாக மின்னியதில்லை. நட்சத்திரங்கள் மூச்சு வாங்க நிற்கும்போது அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப ஓடியவர். நாளிதழில் அவர் படம் வந்தது மொத்தம் மூன்று முறை. அதில் இரண்டில் முதுகுதான் தெரியும். போன இடத்தில் எல்லாம் முதலில் கற்றுக்கொண்டது ‘எங்கே வலிக்கிறது?’ என்பதை அந்த ஊர் மொழியில் கேட்பதைத்தான். ஓயாமல் ஊர் மாறியதால் கூட ஆடியவர்கள் அவருக்கு ‘பாஸ்போர்ட்’ என்று பட்டம் வைத்தார்கள். “வீட்டுக்கு வந்தா விருந்தாளி மாதிரி சோபா ஓரத்துல உட்காருவார்” என்று துணைவியார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பதினான்கு ஆண்டுத் தனிமையும் இருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம், அம்மா.

மூன்றாவது நாட்டில், அவருக்கு இருபத்தேழு வயதானபோது, ஒரு கோல்காப்பாளரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். பந்து எதையும் உள்ளே விடாததால் அந்த மனிதருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கயிற்றில் துணி காயப்போட்டு, அண்ணன் தம்பி போல இருந்தார்கள். ஓர் ஆட்டத்தில் பூட்டின் தலையில் எதிரணிக்காரரின் முழங்கால் மோதியது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் நின்று, அருகில் இருந்த நம்மவரைப் பார்த்து, “அவன் நல்லா இருக்கானா?” என்று கத்தினார். அதே கணம் பூட்டு நம்மவரிடம் மெல்லக் கேட்டார்: “நாம எந்தப் பக்கம் ஆடுறோம்?”

வேடிக்கை பேசுகிறார் என்று நம்மவர் நினைத்துக்கொண்டார். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினார். பயிற்சியாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஆட்டம் தொடர்ந்தது, அணி வென்றது. பூட்டுக்கு அன்றிலிருந்து தலைவலி. மூன்று வாரம் கழித்து இன்னொரு சின்ன அடி. அதன்பின் அவர் ஆடவே இல்லை. பேசிக்கொண்டே இருக்கையில் பேச்சு அறுந்துபோகும். சொந்த மகளின் பெயர் வாயில் வராமல் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். நம்மவர் அடுத்த ஆட்டப் பருவமே வேறு அணிக்குப் போய்விட்டார். அந்தக் கட்டைவிரலைப் பற்றி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட.

முப்பத்து மூன்று வயதில், தேய்ந்த முழங்காலோடு எங்களிடம் வந்தார். ஒரு பருவம் ஆடினார், பிறகு பயிற்சியாளரானார். குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டோம். வெள்ளைப் பலகையில் அவர் எழுதுவதை அவரே திரும்பப் படிக்க முடியாது. நடுவர்களோடு போட்ட சண்டையில் ஆண்டுக்கு நான்கு ஆட்டமாவது பார்வையாளர் பகுதியில் உட்கார நேரும். ஆனால் தோற்ற ஆட்டத்துக்குப் பின் ஓர் ஆட்டக்காரரையும் பத்திரிகைக்காரர்களிடம் காட்டிக்கொடுத்ததில்லை. மழை நாளில் நனைந்த சட்டைகளைச் சலவை அறைக்கு அவரே சுமந்து வருவார். பாட்டுப் பாடிக்கொண்டே வருவார் என்பதுதான் சலவைக்காரரின் ஒரே மனக்குறை.

இனி, அந்த ஆட்டம். பதினோரு ஆண்டுகளுக்கு முன், பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே போதும், முதல் பிரிவில் நீடிப்போம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அணிக்கு ஒரு கோல். இருபது நிமிடம் பாக்கி. எங்கள் கேப்டன்தான் தடுப்பாட்டத்தின் நடுத்தூண்; மூலையிலிருந்து வந்த ஒரு கார்னர் பந்தைத் தலையால் வெளியேற்றும்போது எதிரணிக்காரரின் தலையோடு மோதி விழுந்தார். அணியின் சிகிச்சையாளரான பிசியோ ஓடினார். கேப்டன் எழுந்தார், நேராக நடந்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். பிறகு எல்லைக்கோட்டில் நின்ற பயிற்சியாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்த விரலைக் கண்டதும் தான் அன்று உயர்த்திய கட்டைவிரல் நினைவுக்கு வந்தது என்று அவர் பின்னாளில் எங்களிடம் சொன்னார். பிசியோவைக் கூப்பிட்டு அவருடைய எண்ணத்தைக் கேட்டார்.

“பதில் எல்லாம் சரியாத்தான் சொல்றார். ஆனா கண்ணைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கு. உறுதியா சொல்ல முடியலை” என்றார் அந்த அம்மையார்.

“சந்தேகம் இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டு, மாற்று ஆட்டக்காரரை உள்ளே அனுப்பினார்.

கேப்டன் கைப்பட்டையைக் கழற்றித் தரையில் எறிந்தார். அரங்கமே கூச்சலிட்டது. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் மாற்று ஆட்டக்காரர் ஒரு பந்துக்குத் தவறாகக் குதித்தார், கோல். இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். மறுநாள் மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் கேப்டனின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை என்று வந்தது. அதோடு ஊரின் கோபம் இரு மடங்காயிற்று. மளிகைக் கடையில் அவருக்குச் சில்லறை கொடுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரை நீக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்குப் பணியாளர் பதினான்கு பேர் கையெழுத்திட்ட கடிதமும் போனது.

குழு கூடியது. தலைவர் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. இப்ப என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லைன்னு வந்தது நல்ல சேதிதானே, சார்” என்றார் அவர்.

அவரே தொடர்ந்தார். “அன்னிக்கு அது எனக்குத் தெரியாது. அடுத்த தடவையும் தெரியாமத்தான் இருக்கும். அடுத்த தடவையும் உட்கார வெச்சுடுவேன். அதுக்கு ஒத்துக்க முடியாதுன்னா இப்பவே அனுப்பிடுங்க.” பிறகு பூட்டைப் பற்றியும் தன் கட்டைவிரலைப் பற்றியும் சொன்னார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அவர் தப்பினார். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு காலம் சுமந்ததற்கு அந்த அம்மையார் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தக் கோல்காப்பாளரின் முகவரி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஆனால் போகும் துணிவு அவருக்கு வரவில்லை.

அந்தப் பதினான்கு கையெழுத்துகள் எங்களுடையவை. அவருக்கும் அது தெரியும். கடிதம் அவர் கண்ணெதிரில்தான் மேசைமேல் கிடந்தது. குழு கூடிய மறுநாள் காலை வழக்கம்போல வந்தார், வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் வீட்டில் சுகமா என்று விசாரித்தார். நாங்கள்தான் தரையைப் பார்த்துப் பதில் சொன்னோம். அன்று கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, பதினோரு ஆண்டுத் தாமதமாக, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறோம். மன்னியுங்கள், ஐயா.

கேப்டன் நான்கு மாதம் அவரோடு பேசவில்லை. சொன்ன பயிற்சியைச் செய்வார், போவார். இரண்டாம் பிரிவில் ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பகலில், பின் வரிசையிலிருந்து எழுந்து வந்து பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “அந்த உங்க ஃபிரெண்டு, இப்ப எப்படி இருக்கார்?” என்று கேட்டார்.

“தெரியாதுப்பா. நான் போய்ப் பார்க்கவே இல்லை.”

“போயிட்டு வாங்க. ஒரு வாரம் பயிற்சியை நாங்க பார்த்துக்கறோம்.”

போனார். கதவைத் திறந்த பூட்டுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழகி மறந்திருந்த அந்த மொழியில் தட்டுத் தடுமாறி, நடந்ததை ஒப்புக்கொண்டார். பூட்டு கவனமாகக் கேட்டுவிட்டு, அந்த ஆட்டத்தில் ஜெயித்தோமா என்று கேட்டார். ஜெயித்தோம் என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பூட்டின் மனைவியும் அதே மேசையில் இருந்தார். தன் கணவருக்கு நினைவில்லாவிட்டாலும் தனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் விடைபெறும்போது வாசல் வரை வந்து, அவர்கள் மொழியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: “அடுத்த வருஷமும் வாங்க. உங்களை மறந்திருப்பார். பரவாயில்லை, மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க. ஜெயிச்சதை மட்டும் விட்டுடாதீங்க.”

அன்றிலிருந்து ஆண்டுதோறும் போய் வருகிறார். எங்கள் அணி இரண்டு பருவத்தில் மீண்டும் முதல் பிரிவுக்கு ஏறியது. பிசியோவின் சந்தேகமே முடிவு என்பது கழகத்தின் விதியாயிற்று. அதன்படி இதுவரை ஒன்பது பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது உள்ளே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பதற்காக அவருக்கு நன்றி சொல்கிறோம். அன்று கைப்பட்டையை எறிந்த கேப்டன்தான் நாளை முதல் தலைமைப் பயிற்சியாளர்.

ஐயா, இனி தங்களை நேரே விளிக்கிறோம். பூட்டின் வீட்டுக்கு அடுத்த மாதம் செல்லும் பயணத்துக்கு இம்முறை துணைவியாரும் வருகிறார் என்றும், பயணச் சீட்டுகளை அவரே வாங்கிவிட்டார் என்றும் கேள்விப்பட்டோம். இத்தனை நாடுகள் சுற்றியவரோடு அவர் கடல் கடப்பது இதுவே முதல் முறை. சன்னல் இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுங்கள். தங்கள் முழங்கால்கள் படி ஏறட்டும். குரல் ஓங்கட்டும், பாட்டு மட்டும் சற்றே தாழட்டும். உடல் நலமும் உள்ள நிறைவும் நீண்ட ஆயுளும் தங்கள் இருவருக்கும் வாய்க்கட்டும். அந்தச் சமையலறை மேசையைச் சுற்றி நால்வரும் அமர, அந்த ஆட்டத்தைத் தாங்கள் மீண்டும் முதலிலிருந்து சொல்ல, பூட்டு மீண்டும் முதன்முறையாக மகிழட்டும்.

அன்பும் நன்றியும் ததும்ப,
திடல் பராமரிப்போர், சலவை அறையினர், மருத்துவப் பிரிவினர், பேருந்து ஓட்டுநர், அலுவலகத்தார்