படம் முடியும் வரைக்கும்

— மெதுவாப் பேசு, மூக்காயி. சோமா அக்கா அடுப்படியில இருந்தாலும் காது இங்கதான் இருக்கும்.

— நான் என்ன சத்தம் போட்டேன்? என் டீவிக்கு முன்னால என்னையவே விருந்தாளியாக் குந்த வச்சிருக்கீங்களேன்னுதான் கேட்டேன்.

— பாய் போட்டுக் குடுத்திருக்காங்கல்ல. நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல வெறுந்தரையிலதானே பாத்தோம்.

— அந்தத் திருகுறதப் பாருங்க. பேஸ்ட் மூடி! திருகு ஒடைஞ்சப்ப நம்ம சதீஸ்தான் பேஸ்ட் மூடியச் செருகி, ரப்பர் பால் வச்சு ஒட்டுனான். இந்த உலகத்துல வேற எந்த டீவியில பேஸ்ட் மூடி இருக்கு?

— இப்ப ஜப்பான்ல இருந்து வர்றதெல்லாம் பேஸ்ட் மூடியோடதான் வருதாம். நம்ம பையன் செஞ்சதப் பாத்து கம்பெனிக்காரன் காப்பியடிச்சுட்டான்.

— ஒங்க வாயில ஒரு நாளாவது நெசம் வருமா? ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் கேக்கப் போறேன், நீங்க ஒரு கதைய எடுத்துவிட்டு என்னைய மறிச்சுப்புடுறீங்க.

— கேட்டுட்டா அப்புறம் என்ன புள்ள மிச்சம்? இப்பவாச்சும் இந்த வீட்டுக் கதவு நமக்குத் தெறந்திருக்கு.

— கதவ வச்சு நான் என்ன செய்ய? கலவரத்தன்னைக்கு அடிக்க வர்றாங்கன்னு லயமே மலைக்கு ஓடுனப்ப, எம்புள்ள மட்டும் டீவியத் தலையில தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமா எறங்குனான். டீவி இங்க இருக்கு. புள்ள எங்க? அவ்வளவுதான் நான் கேக்கணும்.

— பொலிசுல கேட்டியே, என்ன சொன்னான்? “ஒம்மவன் இயக்கத்துல சேந்து எந்தக் காட்டுல துவக்குத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்னு நீதான் சொல்லணும்”னான். இந்தச் சிங்களத்தம்மா அப்படி வெரட்டலியே. இந்தப் படம் டீவியில வருதுன்னு தெரிஞ்சா ஆள் அனுப்பிக் கூப்பிடுது.

— அதத்தாங்க நானும் கேக்குறேன். ஏன் கூப்பிடுது? இந்தப் படத்துக்கு மட்டும் ஏன்?

— ஒண்ணா நின்னு ரப்பர் பால் வெட்டுன பழக்கம். வேற என்ன.

— பால் வெட்டுன பழக்கம் எல்லாருக்கும்தான் இருந்துச்சு. மண்ணெண்ணெ டின்னோட வந்தவனுகளுக்கும் இருந்துச்சு.

— ஸ்ஸ்... வருது.

— அனே அய்யோ, என்ன ரெண்டு பேரும் குசுகுசு? இந்தா பிளேன்டி. நங்கி, தங்கச்சி, நீ குடி. நல்லையா, சீனி முடிஞ்சி, ஹக்குரு கடிச்சிக்கோ.

— ஒங்க கையால ஊத்துனா கருப்பட்டி எதுக்குங்க, அக்கே. தேத்தண்ணி தானா இனிச்சுக்கும்.

— பொய்க்காரன். தோசை சாப்பிடுற எடம் வந்தாச்சா?

— இன்னும் இல்லீங்க. கதாநாயகன ஜெயில்ல இருந்து இப்பத்தான் விட்டிருக்காங்க. நேரா ஹோட்டலுக்குத்தான் வருவான். அந்தத் தோசை சுடுற ஆளு யாருன்னு தெரியுமா அக்கே? எங்க சின்னப் பாட்டன்.

— ஹா! சினிமாவுலயா?

— எங்க ஆளுங்க அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்து இங்க கப்பலேறுனப்ப அவரு மட்டும் மாவு பொங்கலன்னு அங்கயே நின்னுட்டாரு. இப்பப் பாருங்க, படத்துல கை தெரியும், கரண்டி தெரியும், மொகம் தெரியாது. மொகத்தக் காட்டுனா அப்புறம் கதாநாயகன எவன் பாப்பான்னு மறைச்சுட்டாங்க. எங்க குடும்ப அழகு அப்படி.

— நங்கி, இந்த ஆளோட நீ எப்பிடி இவ்வளவு காலம் இருந்தே?

— காது பாதி செவிடு, அக்கே. அதால இருந்தேன்.

— ஆனா நல்லையா, ஒங்க பாட்டன் சுட்டது தோசை இல்லையே. அது அட்டை. செருப்புக் கடை சப்பாத்துப் பெட்டி அட்டைய வட்டமா வெட்டி எண்ணெய் பூசி வச்சது. கதாநாயகன் மென்னு மென்னு பாக்கிறான், முழுங்க ஏலாது, அதுக்குத்தான் கண்ணுல தண்ணி வருது. சனங்க அவன் அம்மாவ நெனச்சி அழுறான்னு நெனைக்குது.

— என்ன சொன்னீங்க?

— ஏன் நங்கி?

— சப்பாத்துப் பெட்டி அட்டைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?

— யாரோ... ரோட்டுல யாரோ சொன்னாங்க.

— ரோட்டுல யாரும் சொல்லல, அக்கே. அந்தப் பகிடி எம்மவனோடது. ஒவ்வொரு தடவையும் தோசை வர்றதுக்கு முன்னாலயே சொல்லிச் சிரிச்சுக்கிட்டு உருளுவான். அவன் தலையில முளைச்ச கதை அது.

— மூக்காயி, தேத்தண்ணிய ஆறவிடாத.

— நீங்க சும்மா இருங்க!

— பாரு, பாரு, வந்துட்டான். ஹோட்டலுக்கு வந்துட்டான். முதல் தோசை... அனே, நல்லையா, பாரு...

— அக்கே, இது எல்லாரும் சிரிக்கிற எடம்.

— ம்.

— நீங்க ஏங்க அழுகுறீங்க?

— பொகை. அடுப்புப் பொகை, நங்கி. ஈர வெறகு.

— அடுப்ப அணைச்சுட்டுத்தானே வந்தீங்க.

— சரி சரி, ரெண்டு பேரும் பேசாம இருங்க. நான் ஒரு கதை சொல்றேன். எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒரு டீவி இருந்துச்சுங்க, அக்கே.

— இப்பவும் ஒங்க கதையா?

— இரு புள்ள. ரொம்பப் புத்திசாலி டீவிங்க அது. எங்களுக்குக் கரண்ட் கெடையாது, குருவிட்டை டவுனுக்குப் பேட்டரியத் தூக்கிட்டுப் போயி சார்ஜ் ஏத்திட்டு வருவான் பையன். தொரை லயத்தப் பாக்க வந்தா அது இங்கிலீசுல பேசும். கணக்கப்புள்ள வந்தா மட்டும் கோடு கோடா ஓடும், அந்தாளு பேச்சு அதுக்கும் வெளங்காது. இந்தப் படம் போட்டாங்கன்னா எம்மவன் எங்க இருந்தாலும் வந்துருவான். ஒரு தடவ காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருந்தோம். படம் போட்டாங்க. திரும்பிப் பாக்குறேன், பின்னால நிக்கிறான். கையில ஊசி, ஊசியில கொழாயி, கொழாயில போத்தல், போத்தலப் புடிச்சுக்கிட்டு நர்ஸம்மா. அந்தப் புள்ளையும் குந்தி முழுப் படத்தையும் பாத்துட்டுத்தான் போச்சு.

— பொய்...

— நர்ஸம்மா பொய்தான். பையன் வந்தது நெசம். சரி, அப்படி இருக்கயில ஒரு ஞாயித்துக்கெழமை பகல்ல இந்தப் படம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பப் பாத்து லயத்துக்கு விருந்தாளிங்க வந்தாங்க. நெறையப் பேரு. கையில டின்னு, கத்தி, பொல்லு. நாங்க மரியாத தெரியாத சனம் பாருங்க, விருந்தாளிங்கள வாங்கன்னு கூடச் சொல்லாம மலைக்கு ஓடிட்டோம். டீவி மட்டும் யோசிச்சுச்சு. இந்த ஆளுகளோட இருந்தா ஒரு படமும் முழுசா ஓட முடியாதுன்னு, எம்மவன் தலையில ஏறிக் குந்திக்கிட்டு, “நடடா கீழ”ன்னுச்சு. நடந்து போயிருச்சு.

— எங்க போனது?

— அதக் கேக்கத்தான், அக்கே, இவ இவ்வளவு நாளும் வர்றா. என் கதை முடிஞ்சுபோச்சு. இனி நீ கேளு, மூக்காயி.

— கேளு நங்கி. கேட்டு முடி. எங்க ஆம்பளைங்க மாணிக்கம் தோண்டுற குழியில இருந்து வந்துட்டாங்கன்னா அப்புறம் நான் வாய் தெறக்க மாட்டேன்.

— எம்புள்ள எங்க, அக்கே?

— டீவிய நாங்க களவெடுத்ததுன்னு நெனச்சியா?

— நெனச்சேன். வேற எப்படி நெனைக்கிறது? டீவி போனா போகுது. அத நீங்களே வச்சுக்கங்க. புள்ள எங்க?

— களவெடுக்கல்ல. அந்தக் கதவால உன் புள்ள அதுவே வந்தது. தலையில டீவி, கையெல்லாம் முள்ளுக் கம்பி கீறி ரத்தம். மூச்சு வாங்குது. நான் நெனச்சேன் தண்ணி கேக்கப் போகுதுன்னு. “அம்மே, கரண்ட் இருக்கா?”ன்னு கேட்டது.

— அவன்தான். அவனேதான்.

— “பேட்டரிய விட்டுட்டு ஓடியாந்துட்டேன், தோசை கட்டம் தவறிப் போயிரும்”னு சொல்லிச்சி. அனே, சின்னப் புள்ள மாதிரி. நான் வாசலப் பாக்கிறேன், அது பிளக் தேடுது.

— பேட்டரி லயத்துலதான் கெடந்துச்சுங்க. எரிஞ்சு, உருகி, பூசணிக்கா மாதிரி. நான்தான் தூக்கிப் போட்டேன்.

— நீங்க குறுக்க பேசாதீங்க. சொல்லுங்க, அக்கே.

— கதவச் சாத்தினேன். இந்தப் பாயப் போட்டேன். இதேதான், நீ இருக்கிறது. காயத்துக்கு மஞ்சள் பூசினேன். தேங்காப் போட்ட பொல் ரொட்டி குடுத்தேன். எனக்கு உங்க சினிமாத் தமிழ் வெளங்காதுதானே, அது படத்தப் பாத்துப் பாத்து சிங்களத்துல எனக்குக் கதை சொல்லிச்சி. தோசை வந்தது. சப்பாத்துப் பெட்டின்னு சொல்லிச்சி. நான் சிரிச்சேன், நங்கி. அந்த ஜன்னலால உங்க லயம் எரியிற பொகை வருது. அது பொகைக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருந்து சிரிக்குது. நானும் சிரிச்சேன்.

— சாப்பிட்டானா?

— சாப்பிட்டது. ரெண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

— அவன் என்கிட்ட ஒண்ணுக்கு மேல கேக்கவே மாட்டான்.

— நம்ம வீட்டுல ரெண்டாவது ரொட்டி இருந்தாத்தானே கேப்பான், மூக்காயி.

— அப்புறம் ஏன் அவன அனுப்பல, அக்கே? பின் பக்கம் ஆறு இருக்கே. ஆத்தோரமா நடந்தா மறுபக்கத் தோட்டத்துக்குப் போயிருப்பானே. அங்க எங்க நாத்தனா வீடு இருக்கே!

— சொன்னேன். “புத்தே, மகனே, இப்பவே போ, ஆத்துப் பக்கமா போ, நேரம் இருக்கு”ன்னு சொன்னேன். புத்த சாமி மேல சத்தியமா சொன்னேன்.

— அதுக்கு?

— “கொஞ்சந்தான் அம்மே, படம் முடியட்டும்”னு சொல்லிச்சி.

— அய்யோ... ஒரு படத்துக்காடா. பாத்த படந்தானேடா!

— திட்டாத புள்ள. முடிவு தெரிஞ்சவனுக்குத்தான் அது இன்னொருக்கா வேணும். தெரியாதவன் எந்திரிச்சுப் போயிருவான்.

— அதத் திட்டாத, நங்கி. என்னையத் திட்டு. அதத் தூக்கி வெளிய தள்ளி இருக்கலாம். தள்ளல்ல. கோச்சி வருது, கதாநாயகன் தண்டவாளத்துல நிக்கிறான், அந்தப் பொண்ணு ஓடி வருது... நான் சரின்னு சொன்னேன். “சரி புத்தே, முடியட்டும்”னு சொன்னேன். எனக்கும் முடிவு பாக்க ஆசை வந்திட்டுது.

— ஒங்களுக்கும்...

— அதுக்குப் பிறகு இந்தப் படம் எப்ப போட்டாலும் எனக்குத் தனியாப் பாக்க ஏலாது. பாக்காம இருக்கவும் ஏலாது. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டு அனுப்புறது. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லணும்னு நெனைக்கிறது. நல்லையா கதை சொல்லும், படம் முடியும், நீங்க எழும்பிப் போவீங்க.

— நான் இங்க வந்து ஒரு நாளும் இந்தப் படத்தப் பாக்கலீங்க, அக்கே. எங்க போட்டாலும் வந்துருவானேன்னு ஒங்க வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— தெரியும், நல்லையா. நான் உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— கோச்சி வருதுங்க. படம் முடியப் போகுது.

— டீவிய அணைங்க.

— வேணாம், ஓடட்டும். அக்கே, அன்னைக்கு முழுசாப் பாத்தானா?

— பாத்தது, நல்லையா. கோச்சி நிக்கிற வரைக்கும் பாத்தது. அப்புறம் எழும்பி, இதத் துணியால தொடச்சி, “பத்திரம் அம்மே, எங்க அம்மா வந்து எடுத்துக்கும்”னு சொல்லிச்சி. அந்தப் பின் கதவுத் தாழ்ப்பாள்ல கை வச்சது.

— அப்ப ஆத்துப் பக்கம் போயிருக்கான். அப்படித்தானே? தாழ்ப்பாளத் தெறந்து போயிருக்கான். சொல்லுங்க, அக்கே. போயிட்டான்தானே?

— அந்த நேரம்தான், நங்கி, உங்க லயத்த எரிச்சி முடிச்சிட்டு எங்க வீட்டு ஆம்பளைங்க பகல் சாப்பாட்டுக்கு அந்தப் பின் கதவால வந்தாங்க.