குளிப்பாட்டி வைத்த குற்றம்

இந்த அவைக்குத் தலைமையேற்று, மண்டபத்தையும் மதிய உணவையும் மனமுவந்து வழங்கிய திருமயம் வட்டாரத்து வணிகப் பெருமகனார் சொக்கநாதன் ஐயா அவர்களே! கோப்புகளின் நடுவிலிருந்து நேரம் ஒதுக்கி வந்து மேடையை அணிசெய்யும் சிறப்பு விருந்தினர், மாவட்ட உயர் அலுவலர் அவர்களே! கறம்பக்குடியிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பேருந்து மாறிப் பேருந்து ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! வளர்ந்த மகனைத் தோளில் சுமந்து வந்து, அதோ கடைசி வரிசையில் மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்தக் கூட்டத்தில் முதல் வரிசைக்கு உரியவர்களாயிருந்தும், படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாமையால் வர இயலாமற்போன தாய்மார்களே! உங்கள் அனைவரையும் நெஞ்சாரப் பணிந்து வணங்குகிறேன்.

கடைசியாக நான் விளித்தவர்கள் இந்த மண்டபத்தில் இல்லை. வாசலில் பதாகை இருக்கிறது, 'குடும்பப் பராமரிப்பாளர் மாநாடு' என்று. பராமரிப்பாளர் எங்கே? பராமரித்துக்கொண்டிருக்கிறார்கள். கைதட்ட வேண்டாம், தம்பி. இது கைதட்டத் தக்க செய்தியன்று.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பவன். குரலை உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இன்றும் உயர்த்தப் போவதில்லை. வல்லத்திராக்கோட்டையில் என் தெருவில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் கதையை, அவர்களுடைய ஒப்புதலைப் பெற்று, உங்கள் முன் வைக்கிறேன்.

திருப்பதி என்பவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவர். ஒரு நாள் அடுக்கிவைத்த இரும்புக் குழாய்கள் சரிந்தன. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. பேச்சு மட்டும் பழுதாகவில்லை. அந்தப் பேச்சிலிருந்த நையாண்டியும் பழுதாகவில்லை. அவர் மனைவி அழகம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூடத்தில் வேலை பார்த்து வந்தார். கணவர் படுத்த நாளோடு அந்த வேலை நின்றது. ஏன் நின்றது? அசையாத உடம்பை மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடத்தினால் தோல் கன்றும், கன்றினால் புண்ணாகும், புண் ஆழ்ந்தால் உயிரைக் கேட்கும். ஆகவே புரட்ட வேண்டும். பகலில் புரட்ட வேண்டும், இரவில் புரட்ட வேண்டும், விருந்திலும் துக்கத்திலும் புரட்ட வேண்டும். ஊட்ட வேண்டும், துடைக்க வேண்டும், மலஜலம் எடுக்க வேண்டும். இதற்கு விடுப்பு உண்டா? பதிலாள் உண்டா? ஓய்வு பெறும் வயது உண்டா?

இப்படிப்பட்டவரை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை உண்டு. நல்ல திட்டம், நாம் நன்றி சொல்ல வேண்டிய திட்டம். ஆனால் அது வசதியற்ற குடும்பத்துக்கு மட்டும். வசதியற்ற குடும்பந்தானா என்று அறிய ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அழகம்மாள் மனுக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசி வந்தது: நாளைக் காலையில் விசாரணைக்கு ஆள் வருகிறது.

இந்த இடத்தில்தான், அவையோரே, நம் மக்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் என்ன செய்வோம்? வீட்டில் இல்லாததைப் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து வைப்போம். நம் குறையை வந்தவர் கண்ணில் படவிடமாட்டோம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மரியாதை. 'ஆபீசர் வருகிறார்' என்ற சொல் தெருவில் பரவியதும் அடுத்த வீட்டுப் புவனேஸ்வரி வந்து நின்றார்.

"ஆபீசரத் தரையிலயா உக்கார வைப்ப? எங்க வீட்டுச் சேரை எடுத்துக்க. இந்த ஃபேனையும் தூக்கிட்டுப் போ, அவருக்கு வேர்த்து ஊத்தும்."

நாற்காலிகள் வந்தன. மின்விசிறி வந்தது. பூப்போட்ட படுக்கை விரிப்பு வந்தது. அழகம்மாள் விடியுமுன் எழுந்து கணவரைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, தலைவாரி, வெள்ளை வேட்டி உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டுச் சாய்த்து உட்காரவைத்தார். திருப்பதி சும்மா இருப்பாரா?

"பொண்ணு பாக்க வாராங்கன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல? இதுல மாப்பிள்ளை யாரு, நானா, அந்த ஆபீசரா?"

சிரிக்கிறீர்கள். அன்று தெருவே சிரித்தது. அலுவலர் வந்தார். நாற்காலியில் அமர்ந்தார். காற்று வாங்கினார். புவனேஸ்வரி தம் வீட்டிலிருந்து குளிர்பானத்தை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. அலுவலர் குடித்தார். 'நல்லா வச்சிருக்கீங்கம்மா' என்று பாராட்டினார். போனார்.

மனு தள்ளுபடியாயிற்று. காரணங்களை எழுத்தில் தந்தார்கள். நாற்காலிகள் உள்ளன. மின்விசிறி உள்ளது. குளிர்சாதனப் பெட்டி உள்ளது. அவர் எந்தக் குளிர்சாதனப் பெட்டியையும் பார்க்கவில்லை. டம்ளரின் குளிர்ச்சியிலிருந்து பெட்டியைக் கண்டுபிடித்தார். இத்தகைய ஆராய்ச்சித் திறனை நான் என் மாணவர்களிடம்கூடக் கண்டதில்லை.

யாரோ பேசுகிறீர்களே... சொல்லுங்கள், அம்மா. வீட்டில் டிவி இருக்கிறது என்று உங்கள் மனுவையும் தள்ளிவிட்டார்களா? எந்த டிவி? அரசு இலவசமாகக் கொடுத்ததா? கேட்டீர்களா, அவையோரே! ஏழை என்று சொல்லி அரசு கொடுத்த பெட்டி, ஏழை அல்லர் என்பதற்கு அரசிடமே சாட்சி சொல்கிறது. உட்காருங்கள், அம்மா. நீங்கள் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அழகம்மாளின் தள்ளுபடியில் கடைசியாக இருந்த காரணத்துக்கு வருகிறேன். அதை நான் பலமுறை படித்தேன். கோபம் வந்தால் எழுத்து கலங்கும் என்பார்கள். எனக்குக் கலங்கவில்லை, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. 'மனுதாரரின் கணவர் நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறார். எனவே உதவி தேவைப்படவில்லை.'

பராமரிக்கப்பட்டு வருகிறார். யாரால்? எதை இழந்து? எத்தனை இரவுகளின் உறக்கத்தைக் கொடுத்து? வாக்கியத்தில் வினை இருக்கிறது, வினை செய்தவர் இல்லை. அவர் உழைப்பே அவருக்கு எதிரான சான்றாயிற்று. நன்றாகப் பார்த்துக்கொண்டால் உதவி இல்லை; உதவி வேண்டுமென்றால் நன்றாகப் பார்த்துக்கொள்ளக் கூடாது. இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்த தமிழில் இதற்குப் பெயர் கொடுமை.

மேல்முறையீட்டு மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். மறு விசாரணைக்கு ஆள் வரும், எந்த நாள் என்று தெரியாது என்றார்கள். அழகம்மாளின் தம்பி மதுரைவீரன், விவரம் தெரிந்தவர், அக்காவுக்கு ஆலோசனை சொன்னார்.

"அக்கா, ஆள் வர்ற வரைக்கும் மாமாவைக் குளிப்பாட்டாத. செரைக்காத. துணி மாத்தாத. வர்ற ஆபீசர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடணும். அப்பத்தான் கையெழுத்து விழும்."

அவரைக் குறை சொல்லாதீர்கள். அரசு கற்பித்த பாடத்தை அவர் ஒரே முறையில் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். திருப்பதியும் ஒப்புக்கொண்டார். "நான் பாட்டுக்குக் கெடக்குறேன். ஒனக்குக் காசு வருதுல்ல, வரட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் நையாண்டி செய்யவில்லை.

அழகம்மாள் மறுநாள் காலையில் வெந்நீர் வைக்கவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து திருப்பதி கூப்பிடவில்லை. வெயில் ஏறிற்று. ஈக்கள் வந்தன. கையால் ஓட்ட முடியாத மனிதர், முகத்தில் உட்கார்ந்த ஈயை வாயால் ஊதி ஊதி விரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊதும் ஓசை அடுப்பங்கரைக்குக் கேட்டது.

அழகம்மாள் எழுந்தார். வெந்நீர் வைத்தார்.

பின்னர் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவே: "காசு வந்தா வருது, வராட்டிப் போகுது சார். அந்த ஊதுற சத்தத்தை என்னால கேக்க முடியல."

ஏழ்மையை மெய்ப்பிக்க ஏதுவாக ஒரு மனைவி தன் கணவனை நாறவிட வேண்டும் என்பது ஒரு விதியானால், அந்த விதியை மீறியவர் அழகம்மாள். அந்த மீறலை நான் மதிக்கிறேன். இந்த மண்டபத்தில் அதை மதியாதார் எவரும் உண்டா?

அழகம்மாள் கணவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மறு விசாரணைக்கு ஆள் வந்து சேர்ந்தார். இசைவாணி என்ற இளம் அலுவலர், முன்பு வந்தவர் அல்லர். வாசலில் குரல் கொடுத்தார். "கை ஈரமா இருக்கு, பாதியில விட முடியாது. அப்படியே நில்லுங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது. உட்கார நாற்காலி இல்லை, நின்றார். நின்ற இடத்திலிருந்து கட்டில் தெரிந்தது. தம்மைவிடக் கனமான ஓர் உடம்பை ஒரு பெண் தனியாகப் புரட்ட முயல்வது தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும்மா?"

"தோளைப் புடிங்க. தலைய மட்டும் விட்றாதீங்க."

அப்போது திருப்பதி சொன்னாராம்: "மெதுவா மேடம். நான் வசதியான குடும்பத்துப் பிள்ளை."

இருவருமாகப் புரட்டினார்கள். முதுகில் ஒரு புண் இல்லை. அதைப் பார்த்து இசைவாணி, 'நன்றாக இருக்கிறார்' என்று சொல்லித் திரும்பிவிடவில்லை. புண் இல்லாத முதுகுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று கேட்டார். விட்ட வேலையைப் பற்றிக் கேட்டார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்து உறங்கும் உறக்கத்தைப் பற்றிக் கேட்டார். தம் அறிக்கையில் எழுதினார்: 'இவர் நலமாக இருப்பதற்கு, இவர் மனைவி வேலையை விட்டதே காரணம். மனைவி வேலைக்குத் திரும்பினால் இவர் நலமாக இருக்க இயலாது.' முன்பு வந்தவர் பார்த்து எழுதியதும் அதே வீடு, அதே மனிதர், அதே தூய்மை. நாற்காலியில் அமர்ந்து பார்த்தவருக்கு வசதி தெரிந்தது. நின்று தோள் கொடுத்தவருக்கு வேலை தெரிந்தது.

அவையோரே, வசதியை ஆராயவே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. கருவூலம் வற்றாத ஊற்றல்ல. அது எனக்குத் தெரியும். தலைவர் ஐயாவின் துணைவியாரும் படுக்கையில் இருக்கிறார். இதை நான் சொல்லலாம் என்று ஐயாவே அனுமதி தந்தார். அவர் செவிலியர் வைத்து, சம்பளம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். 'எனக்கு உதவித்தொகை வேண்டாம்' என்று அவரே சொல்வார். ஆகவே இல்லாதவர் இன்னார், இருப்பவர் இன்னார் என்று பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஐயா வீட்டில் செவிலியர் செய்யும்போது அது வேலை, அதற்குச் சம்பளம். அதையே அழகம்மாள் செய்யும்போது அது பாசம், அதற்குச் சந்தேகம். இது எந்தக் கணக்கு? தகுதியற்ற ஒருவர் வாங்கிவிடுவாரோ என்று அஞ்சும் அரசு, தகுதியுள்ள ஒருவர் வெறுங்கையோடு திரும்புவாரே என்று ஒரு நாளாவது அஞ்சியதுண்டா? அந்த அச்சத்துக்கு ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டதுண்டா?

வீட்டில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். அதற்கு முன்னே, அந்த வீட்டில் யாருடைய வேலை நின்றுபோயிற்று என்று கேளுங்கள். விசிறி சுழல்கிறதா என்று பார்க்கிறீர்கள், பாருங்கள். அதற்கு முன்னே, அந்தப் பெண் கடைசியாக எப்போது படுத்து உறங்கினார் என்று பாருங்கள். தூய்மையை வசதி என்று எழுதாதீர்கள். அன்பை வருமானம் என்று எழுதாதீர்கள்.

முடிக்கிறேன். இசைவாணியின் அறிக்கையோடு அந்தக் கோப்பு மேலே போயிருக்கிறது. அது இன்று யார் மேசையில் இருக்கிறது? இந்த மேடையில் எனக்கு இடப்புறம் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களின் மேசையில். அவர் சங்கடப்பட வேண்டாம். நான் பரிந்துரைக்கு வரவில்லை, கெஞ்சுவதற்கும் வரவில்லை. ஓர் அழைப்போடு வந்திருக்கிறேன்.

ஐயா அவர்களே! வல்லத்திராக்கோட்டை இங்கிருந்து தொலைவில் இல்லை. கூட்டம் முடிந்ததும் என்னோடு வாருங்கள். திருப்பதியை அடுத்துப் புரட்டும் நேரத்துக்கு நாம் போய்ச் சேர்ந்துவிடலாம். தோளை நான் பிடிக்கிறேன்; தலையை நீங்கள் பிடியுங்கள். பிடித்து முடித்தபின் உங்கள் மனம் என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். நான் இன்னொரு மனு எழுதமாட்டேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். குளிர்பானம் கிடைக்காது. விசிறி இருக்காது. நாற்காலிகளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நின்றுதான் பார்க்க வேண்டும்.

பொறுமையோடு செவிமடுத்த தலைவர் அவர்களுக்கும், என் அழைப்புக்கு இன்னும் விடை சொல்லாத விருந்தினர் அவர்களுக்கும், கடைசி வரிசைத் தாய்மார்களுக்கும், இங்கே வராமல் அவரவர் வீட்டில் யாரையோ புரட்டிக்கொண்டிருக்கும் அனைவருக்கும் என் நன்றி. வண்டி வெளியே நிற்கிறது, ஐயா. வணக்கம்.