ஐடா அம்மாவின் வீடும் எழுதாத கணினியும்

தலைமை நாற்காலியைத் தாராள மனத்தால் நிறைத்திருக்கும் ஐயா மாணிக்கராஜ் அவர்களே! சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் சூட்டிலும் சோராத பெரியோர்களே! மூன்று ஷிப்டுக்கும் சோறு கட்டிய தாய்மார்களே! பின்வரிசையில் கடலை உரிக்கும் நண்பர்களே! படிப்பகச் செயலாளனின் பணிவான வணக்கம்.

நம் படிப்பகத்தில் பிளாக்செயின் நோடு ஒன்று வைத்திருக்கிறோம். "நோடுன்னா இன்னா?" என்கிறார் அங்கே ஒருவர். கேளுங்கள் ஐயா, கேட்டால்தான் கூட்டம்! சுரங்கத் தொழிலாளர்களான நம் லைன் வீடுகளில் எது யார் பெயரில் என்ற பட்டியலை, வீடுகளைக் கவனிக்கும் கூட்டமைப்பு ஒரு கணினிச் சங்கிலியில் எழுதுகிறது. புதுப் பக்கம் எழுதுபவை பெங்களூரில் ஐந்து கணினிகள். நம்முடையது எதையும் எழுதாது. எழுதியதையெல்லாம் முதல் பக்கத்திலிருந்து இறக்கி, சரிபார்த்து, தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

எழுதாத கணினி எதற்கு? நந்திதுர்க் லைனில் இருக்கும் ஐடா அம்மாவுக்காக! கணவர் காலமானபின் இந்த அம்மா பெயருக்கு மாறிய வீட்டைக் காலி வீடு என்று அச்சடித்துக் காட்டியது கூட்டமைப்பு. திங்கட்கிழமை கோலாரில் விசாரணை. பெயரைக் காட்டாவிட்டால் வீடு வேறொருவருக்கு. எனக்கு வந்த கோபம் கொஞ்சமா நஞ்சமா?

தினமும் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய்வரும் நம் லவினா, புதன்கிழமை லீவு போட்டுக் கணினியை அமைத்தார். முழுச் சங்கிலியும் இறங்க இரண்டு நாளாகும் என்றார். வியாழன் காலை வந்து பார்த்தால் மெயின் சுவிட்சே அணைந்திருக்கிறது! இறக்கியதெல்லாம் கெட்டு, மறுபடியும் முதல் பக்கம். வெள்ளிக்கிழமையும் அதே கதை. எலியா? எதிரியா? இல்லை, நம் தலைவர் மாணிக்கராஜ் ஐயா! சிரிக்காதீர்கள். அவரே சிரிக்கிறாரா? சரி, சிரியுங்கள்.

சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வரும் கூண்டான கேஜை முப்பது வருடம் ஏற்றி இறக்கிய இஞ்சின் டிரைவர் அவர். லவினா கேட்டதற்கு நிதானமாகச் சொன்னார்: "ஆளில்லாம இஞ்சின் ஓடக்கூடாதும்மா. அடுத்த ஷிப்ட் ஆள் வரலன்னா அணைச்சிட்டுதான் போவேன்."

லவினா வாதாடவில்லை. "அப்ப ஆள் போடுங்க அங்கிள்" என்றார்.

போட்டோம்! பென்ஷன்காரர் வந்தார், கடைக்காரர் வந்தார், கைவேலையோடு தாய்மார்கள் வந்தார்கள். மூன்று ஷிப்டும் முறை மாறியது, சுவிட்சில் யார் கையும் படவில்லை. ஞாயிறு காலை கடைசிப் பக்கமும் இறங்கியபோது முதல் ஷிப்டில் இருந்தவர் ஐடா அம்மாதான். லவினா வீட்டு எண்ணைத் தட்டினார். பெயர் இருந்தது! மாறிய தேதி இருந்தது! பிறகு நீக்கியதாக ஒரு வரிகூட இல்லை!

"என் பேர யாரும் அடிக்கல" என்று மட்டும் சொல்லி அழுதார் அந்த அம்மா. நானும் அழுதேன், மறைப்பானேன்?

திங்களன்று கோலாரில் நம் பிரதியை நீட்டினோம். பெங்களூர்க் கணினிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார் அதிகாரி. ஐந்தும் நம்முடையதும் ஒன்றையே சொல்லின. தப்பு அச்சுத்தாளில்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே அவையோரே! எழுதுவது அவர்கள் கையில் இருக்கட்டும், எழுதியது நம் கண்ணில் இருக்கட்டும்! நாளை உங்கள் பெயருக்கு யார் காவல்? உங்கள் வீட்டுக்கு யார் சாட்சி? வாருங்கள், வந்து ஒரு ஷிப்ட் உட்காருங்கள்!

ஐடா அம்மா எங்கே என்று தாய்மார்கள் தேடுகிறீர்கள். பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டேன், நேரமில்லை என்றுவிட்டார். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்! பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. போகும்போது அந்த வழியாகப் போங்கள், சுண்ணாம்பு பூச இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம். வணக்கம்.