ஐயர் பார்க்காத தாடி

தூத்துக்குடியிலிருந்து நாசரேத் போகும் பஸ்ஸில், ஸ்ரீவைகுண்டத்தில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. தூங்கிவிட்டதாக வீட்டில் சொல்லிவைத்தேன். உண்மையில், முன் இருக்கையில் ஒரு தாடிக்கார இளைஞன் தன் மாமாவிடம் சொன்ன வார்த்தைதான் என்னை எழுந்திருக்க விடவில்லை.

“தாடிய எடுத்தா பொண்ணு போயிரும் மாமா. எடுக்காட்டா கோயில்ல ஓலை வாசிக்க மாட்டாவ.”

கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு தேவாலயத்தில் சபையார் முன் வாசித்தாக வேண்டும். அந்தச் சபையின் போதகரான ஐயருக்கோ தாடி ஆகாதாம்.

“பின்ன? இராப்போஜனத்துல எல்லாரும் ஒரே பாத்திரத்துல திராட்சரசம் குடிக்கோம். உன் தாடி முங்கி எந்திச்சா அடுத்தாளு எப்படில குடிப்பான்?”

“இயேசுநாதருக்கும் தாடிதான மாமா?”

“அவரு நம்ம சபையில பொண்ணு கேக்கலியேல.”

“எஸ்தரு டீச்சரு போட்டோவுல தாடியப் பாத்துதான் சம்மதிச்சா. உள்ள இருக்க மோவாய அவ பாத்ததில்ல.”

மாமாவுக்கு அந்த மோவாய் தெரியும் போலிருக்கிறது. குரல் இறங்கிவிட்டது.

“ஐயர் உன் தாடிய இன்னும் பாக்கலல்லா? மூணு ஞாயிறும் உன் கப்பல் வேலையிலேயே இருந்துரு. ஓலைய வாசிச்சிருவாரு. கல்யாணத்தன்னைக்குத் தாடியோட வந்து நில்லு. ஆட்டுக்கறி வெந்துக்கிட்டு இருக்கும்போது எந்த ஐயருல கல்யாணத்த நிறுத்துவாரு?”

இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். பின் இருக்கையில் ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“ஏளா, எஸ்தரு டீச்சரு எங்க தெருதான். தாடியாவது மோவாயாவது! மாப்பிள்ள வருசத்துல முக்காவாசி நாளு கப்பல்லதான் கெடப்பான்னு கேட்ட பெறகுதான் சரின்னு சொன்னா.”